பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு எந்தத் தோட்டா போடலாம்?

65 மி.மீ. சேம்பர் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடம்) கொண்ட பழைய 12 போர் (குழல் விட்டத்தைக் குறிக்கும் அளவு) துப்பாக்கிக்குள் 70 மி.மீ. தோட்டா சுலபமாக நுழையும். துப்பாக்கி சரியாக மூடும், விசையை இழுத்தால் வெடிக்கவும் செய்யும். பழைய துப்பாக்கி வைத்திருப்பவர்களை ஏமாற்றுவது இதுதான். தோட்டாப் பெட்டியில் இருக்கும் நீளம், சுட்ட பிறகு வாய் முழுதாக விரிந்த கூட்டின் நீளம். சுடுவதற்கு முன் வாய் நட்சத்திரமாக மடிந்திருப்பதால் அந்த 70 மி.மீ. தோட்டா உண்மையில் 60 மி.மீ. அளவில்தான் இருக்கும். சேம்பர் முடிந்ததும் குழல் கூம்பாகக் குறுகத் தொடங்குகிறது. வாய் விரிய இடமில்லாமல் கூட்டின் விளிம்பு அந்தக் கூம்புக்குள் போய் வழியை நெருக்கும்போது அழுத்தம் ஏறுகிறது. அதோடு, 70 மி.மீ. தோட்டாக்கள் பெரும்பாலும் பழைய குழல் தாங்கும் என்று சோதிக்கப்பட்ட அளவைவிட அதிக அழுத்தத்துக்கு நிரப்பப்பட்டவை.

ஆகவே தோட்டா உள்ளே போகிறதா என்பது கேள்வியே இல்லை. குழலில் என்ன முத்திரை இருக்கிறது, இன்றைக்கு அளந்தால் என்ன வருகிறது, இந்த இரண்டும்தான் தோட்டாவைத் தீர்மானிக்க வேண்டும். 1870களிலிருந்து இரண்டாம் உலகப்போர் வரை லண்டனிலும் பர்மிங்காமிலும் செய்யப்பட்ட, மடக்கித் திறக்கும் இரட்டைக்குழல் 12 போர் துப்பாக்கிகளை வைத்து இதை விளக்குகிறோம். பழைய சென்னை மாகாணத்து ஜமீன் வீடுகளிலும், நீலகிரி, இலங்கைத் தேயிலைத் தோட்ட பங்களாக்களிலும் இருந்தவற்றில் நிறைய இந்த வகைதான்.

முத்திரையைப் படித்தல்

முதலில் துப்பாக்கியைத் திறந்து இரண்டு சேம்பரும் காலிதானா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். பிறகு குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையைக் கழற்றி, குழலைத் தனியாக எடுத்துத் திருப்புங்கள். பின்முனையின் அடிப்பக்கத்தில் இருக்கும் தட்டையான பரப்பில்தான் முத்திரைகள் இருக்கும். பிரிட்டனில் புரூஃப் சோதனை நடத்துவது இரண்டே இடம்: 1637இல் அரச சாசனம் பெற்ற லண்டன் கன்மேக்கர்ஸ் கம்பெனி, 1813இல் அமைந்த பர்மிங்காம் புரூஃப் ஹவுஸ். வழக்கமான தோட்டாவைவிட அதிக அழுத்தம் தரும் மருந்தைக் குழலில் வெடித்து, பிறகு குழலை அளந்து பார்த்து, மாற்றம் இல்லையென்றால் மட்டும் முத்திரை குத்துவார்கள்.

பர்மிங்காம் துப்பாக்கியில் கிரீடமும் குறுக்காக வைத்த இரண்டு செங்கோல்களும் தெரிந்தால் அது 1904க்கு முந்தைய முத்திரை. கூடவே 'நைட்ரோ புரூஃப்' (புகையில்லா மருந்துக்குச் சோதித்தது) என்ற சொற்கள் இல்லையென்றால், புகை கக்கும் பழைய வெடிமருந்தான கருமருந்துக்கு மட்டுமே சோதிக்கப்பட்ட குழல் என்று எடுத்துக்கொள்ளுங்கள். 1904க்குப் பிறகு பர்மிங்காமில் கிரீடத்தின் கீழ் ஆங்கில எழுத்துகளில் பி.பி., பி.வி. என்று வரும், புகையில்லா மருந்துக்கும் சோதித்திருந்தால் என்.பி. கூடுதலாக இருக்கும். லண்டனில் கிரீடத்தின் கீழ் ஜி.பி., வி.; நைட்ரோவுக்கு, வளைவாள் ஏந்திய கவசக் கையின் கீழ் என்.பி. 1954 விதிகளுக்குப் பிறகு பர்மிங்காமில் சோதித்தவற்றில் கிரீடத்தின் கீழ் பி.என்.பி. என்று மூன்றெழுத்து இருக்கும். பழைய துப்பாக்கியில் இந்தப் புது முத்திரை தெரிந்தால், பின்னாளில் யாரோ மறுபடி சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம். நல்ல செய்தி.

சாய்சதுரத்துக்குள் 12 என்ற எண்ணும் சி என்ற எழுத்தும் இருந்தால் அது 1887க்குப் பிந்தைய சேம்பர் முத்திரை. பலர் இதை 2½ அங்குலம் (65 மி.மீ.) என்று படித்துவிடுகிறார்கள். அது 12 போர் சேம்பர் என்று மட்டும்தான் சொல்கிறது, நீளத்தைச் சொல்லவில்லை. அங்குலக் கணக்கில் நீளத்தைக் குத்தும் பழக்கம் 1925 விதிகளோடுதான் வந்தது. அதற்கு முந்தைய துப்பாக்கி என்றால் அளந்தே தீர வேண்டும்.

1⅛ அவுன்ஸ் என்ற குறி இருந்தால் அது ரவை (தோட்டாவுக்குள் இருக்கும் சிறு குண்டுகள்) எடைக்கு உச்சவரம்பு. அவ்வளவு போட்டால் நல்லது என்ற பரிந்துரை அல்ல. 1954க்குப் பிறகு ரவை எடைக்குப் பதிலாக அழுத்தத்தை டன்னில் சொல்லும் கணக்கு வந்தது: 2½ அங்குல சேம்பருக்குச் சதுர அங்குலத்துக்கு 3 டன், 2¾ அங்குலத்துக்கு (70 மி.மீ.) 3¼, 3 அங்குலத்துக்கு 4. இங்கே ஒரு பொறி இருக்கிறது. 3 டன்னை 6,720 பவுண்டு என்று பெருக்கி, இன்றைய தோட்டாவின் பார் (அழுத்த அலகு) கணக்கோடு நேரடியாக ஒப்பிடக் கூடாது. அந்த டன் கணக்கு செப்புத் துண்டு எவ்வளவு நசுங்குகிறது என்பதை வைத்து வந்தது. இன்றைய கணக்கு மின்னணு உணரியில் வருவது. ஒரே வெடிப்புக்கு இரண்டும் வேறு வேறு எண் காட்டும், செப்பில் குறைவாகத்தான் தெரியும். பழைய எண்ணைப் புது எண்ணாக மாற்றிப் பார்க்கும் வேலையே வேண்டாம். பெட்டியில் '65 மி.மீ. நைட்ரோ புரூஃப் சேம்பருக்கு ஏற்றது' என்று உற்பத்தியாளர் எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள்.

'நாட் ஃபார் பால்' என்று குத்தியிருந்தால் சோக் (முனையருகே குழலைக் குறுக்கியிருப்பது) வைத்த குழல், ஒற்றைக் குண்டு போடக் கூடாது என்று பொருள். 1875லிருந்து 1887 வரையான துப்பாக்கிகளில் இதைப் பார்க்கலாம்.

அளப்பது

முத்திரை, குத்திய நாளின் சாட்சி மட்டுமே. நூறு ஆண்டுகளில் துருவைத் தேய்த்திருப்பார்கள், உள்ளே மெருகேற்றியிருப்பார்கள், சேம்பரைக் குடைந்து நீட்டியிருப்பார்கள். மூன்று அளவுகள் வேண்டும்.

சேம்பர் நீளம் முதலாவது. இதற்கென்றே படிபடியாக வெட்டிய பித்தளை அளவி கிடைக்கிறது. சேம்பரில் நுழைத்தால் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று படிக்கலாம். இரும்பு ஸ்கேலை விட்டு அளந்தால் கூம்பு தொடங்கும் இடம் பிடிபடாது, 2 மி.மீ. தவறு சாதாரணமாக வரும். சந்தேகம் தீராவிட்டால் செரோசேஃப் என்ற தாழ்ந்த வெப்பத்தில் உருகும் உலோகத்தைச் சேம்பரில் ஊற்றி வார்ப்பு எடுப்பார்கள். அது ஆறும்போது முதலில் சுருங்கி, பிறகு மெல்ல விரியும். வார்த்த ஒரு மணி நேரத்தில் சேம்பரின் சரியான அளவைக் காட்டும். அடுத்த நாள் அளந்தால் எண் தப்பும்.

முத்திரை 2½ என்றும் அளவி 2¾ என்றும் சொன்னால், 'நல்லதாயிற்று, 70 மி.மீ. போடலாம்' என்று நினைக்க வேண்டாம். யாரோ சேம்பரை நீட்டிவிட்டு மறுசோதனைக்கு அனுப்பாமல் விட்டிருக்கிறார்கள். அழுத்தம் உச்சத்தில் இருக்கும் இடத்தில் குழலின் சுவர் மெலிந்திருக்கிறது. மறுபடி புரூஃப் ஆகும்வரை அதில் எந்தத் தோட்டாவும் கூடாது.

இரண்டாவது, உள்விட்டம். பின்முனையிலிருந்து 9 அங்குலம் உள்ளே அளப்பது பிரிட்டிஷ் முறை. பழைய முத்திரையில் 13 என்றால் 0.710 அங்குலம், 13/1 என்றால் 0.719, 12 என்றால் 0.729, 12/1 என்றால் 0.740. 13/1 என்று குத்திய குழல் இன்று 0.724 காட்டினால் தேறிவிட்டது, 0.729ஐத் தொட்டுவிட்டால் அடுத்த அளவுக்குப் போய்விட்டது, அதாவது புரூஃபிலிருந்து வெளியே. 1954க்குப் பிந்தைய முத்திரையில் விட்டம் தசமத்திலேயே இருக்கும், அதைவிட 0.010 அங்குலம் கூடினால் வெளியே. பிரிட்டனில் 1868, 1978 சட்டங்களின்படி இப்படி வெளியே போன துப்பாக்கியை விற்பதே குற்றம்.

மூன்றாவதுதான் பலர் விட்டுவிடுவது: சுவர்க் கனம். விட்டம் சரியாக இருந்தும் வெளிப்பக்கத்தைத் தேய்த்து மெருகேற்றியதில் கனம் போயிருக்கலாம். துளை மையத்தை விட்டு விலகி, ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும் இருக்கலாம். நீண்ட கை வைத்த டயல் அளவியால், கூம்பைத் தாண்டியதிலிருந்து முனை வரை, 3 அங்குலத்துக்கு ஒரு முறை சுற்றிலும் நான்கு இடத்தில் அளக்க வேண்டும். மிக மெலிந்த இடத்தில் 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர்தான் பிரிட்டிஷ் தொழில் வட்டாரத்தில் கடைசி எல்லையாகக் கருதப்படுவது. எங்கள் கருத்தில் 0.025க்குக் கீழே போனாலே கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவர்) உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம். துருக்குழி இருந்தால் அதன் ஆழத்தைக் கழித்துக்கொள்ளுங்கள். சுவர் 0.028, குழி 0.010 ஆழம் என்றால் அங்கே மிச்சம் 0.018தான். அந்தக் குழல் சுவரில் தொங்கட்டும்.

குழலுக்கு வெளியேயும் பார்க்க வேண்டியவை

முன்கட்டையைக் கழற்றிவிட்டு துப்பாக்கியை மூடி, குழலைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். சற்றும் ஆடினாலோ, பின்முனைக்கும் அது சாயும் முகத்துக்கும் நடுவே வெளிச்சம் தெரிந்தாலோ கீல் தேய்ந்திருக்கிறது. தோட்டாவின் அடிப்பகுதிக்குத் தாங்கல் இல்லாமல் போகும். மெதுவான தோட்டா போட்டுச் சமாளிக்கலாம் என்பது தவறு, முதலில் இறுக்க வேண்டும்.

குழலைக் கயிற்றில் தொங்கவிட்டு விரல் முட்டியால் தட்டினால் மணிபோல் நீண்டு ஒலிக்க வேண்டும். சரசரவென்ற அதிர்வு கேட்டால் இரு குழல்களுக்கு நடுவே இருக்கும் பட்டையின் பற்றவைப்பு விட்டிருக்கிறது. உள்ளே ஈரம் புகுந்து கண்ணுக்குத் தெரியாமல் துரு அரித்துக்கொண்டிருக்கும். ஜன்னல் வெளிச்சத்தை நோக்கிக் குழலின் உள்ளே பார்க்கும்போது நிழல் வளையமாக உடைந்தால் அங்கே புடைப்பு. பிறைபோல் ஒரு பக்கம் மட்டும் உடைந்தால் நசுங்கல். நசுங்கலைக் கன்ஸ்மித் எடுத்துவிடலாம். புடைப்பு, உலோகம் நீண்டுவிட்டதன் அடையாளம். அதற்கு மருந்து இல்லை.

ஹேமர் வைத்த துப்பாக்கியில் சுட்டதும் ஹேமர் தானாக அரைநிலைக்குத் திரும்புகிறதா என்று ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டுச் சோதியுங்கள். திரும்பாத பழைய வகையில் ஊசி, தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமரில் பதிந்தபடியே நிற்கும். அதே நிலையில் மூடினால் வெடிக்க வாய்ப்பு உண்டு.

டமாஸ்கஸ் குழல்

இரும்புக் கம்பியையும் எஃகுக் கம்பியையும் சேர்த்து முறுக்கி, தண்டின் மேல் சுருளாகச் சுற்றி, அடித்து ஒட்டிய குழல் இது. மேலே அலையலையாகக் கோலம் தெரியும். கறுப்பு மெருகு அந்தக் கோலத்தை மறைத்திருக்கலாம். மலிவான எஃகுக் குழலில் போலிக் கோலம் வரைந்து விற்றதும் உண்டு. ஆகவே கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் முத்திரையைப் பாருங்கள்.

டமாஸ்கஸ் எல்லாமே ஆபத்து என்று ஒதுக்குவதும் சரியல்ல. நைட்ரோ சோதனையில் தேறி, அளவுகளும் கெடாமல் இருக்கும் டமாஸ்கஸ் குழலில் 65 மி.மீ. தோட்டாக்களை முத்திரையின் வரம்புக்குள் பிரிட்டனில் இன்றும் சுடுகிறார்கள். நைட்ரோ முத்திரை இல்லாத டமாஸ்கஸுக்கு ஆலையில் நிரப்பிய கருமருந்துத் தோட்டாவைத் தவிர வேறு எதுவும் கூடாது. காரணம், கருமருந்தின் அழுத்தம் சட்டென்று ஏறிச் சட்டென்று விழுந்துவிடும், தடித்த பின்முனை அதைத் தாங்கிக்கொள்ளும். மெதுவாக எரியும் புகையில்லா மருந்து, ரவை குழலின் பாதியைக் கடக்கும்போதும் கூடுதல் அழுத்தத்தை வைத்திருக்கும். அங்கேதான் பழைய குழலின் சுவர் மெலிந்திருக்கும், இடது கையும் அங்கேதான் இருக்கும். 'உச்ச அழுத்தம் குறைவு' என்று பெட்டி சொன்னாலும் அந்த இடத்தில் எவ்வளவு என்பதைச் சொல்லாது.

தோட்டாவைத் தேர்ந்தெடுத்தல்

துப்பாக்கி தேறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் விதி நீளம். 65 மி.மீ. சேம்பருக்கு 65 மி.மீ. தோட்டா. சில பிரிட்டிஷ் தயாரிப்புகள் 67 மி.மீ. கூட்டில் வந்து, 65 மி.மீ. சேம்பருக்கு ஏற்றவை என்று பெட்டியில் தெளிவாக எழுதியிருக்கும், அவற்றைப் போடலாம். எழுதாதவற்றைப் போடக் கூடாது. எலி, ஹல், கேம்போர் ஆகிய பிரிட்டிஷ் நிறுவனங்கள் இந்த நீளத்தில் தயாரிக்கின்றன.

அடுத்தது ரவையின் எடை. 'தொண்ணூற்றாறின் கணக்கு' என்ற பழைய வழி இன்றும் நன்றாக வேலை செய்கிறது: துப்பாக்கியின் எடையை 96ஆல் வகுத்தால் வருவதே அது சுகமாகத் தாங்கும் ரவை எடை. 6 பவுண்டு துப்பாக்கி என்றால் 96 அவுன்ஸ், ஆக 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம். 6 பவுண்டு 6 அவுன்ஸ் என்றால் 102. வகுத்தால் 1 1/16 அவுன்ஸ், 30 கிராம். முத்திரையில் 1⅛ அவுன்ஸ், அதாவது 32 கிராம் வரை இடமிருந்தாலும் இந்தத் துப்பாக்கிக்கு 28 கிராம்தான் எங்கள் தேர்வு. இந்தக் கணக்கு பின்னுதைப்பைப் பற்றியது. நூறாண்டு மரத்தில் எண்ணெய் ஊறிப்போய், கட்டையின் கழுத்துப் பகுதி பலமிழந்திருக்கும். குழல் தாங்கினாலும் கட்டை பிளந்துவிடும்.

பின்னுதைப்பு வேறு, அழுத்தம் வேறு. தோளில் மெத்தென்று இடிக்கும் தோட்டா குறைந்த அழுத்தம் கொண்டது என்று சொல்ல முடியாது. களிமண் தட்டுப் போட்டிகளுக்கான 24 கிராம் வேகத் தோட்டா தோளுக்கு இலேசாக இருக்கும், அழுத்தத்திலோ கனத்த தோட்டாவுக்குச் சளைக்காது. பெட்டியில் நொடிக்கு 1,400 அடிக்கு மேல் வேகம் போட்டிருந்தால் பழைய துப்பாக்கிக்கு அது வேண்டாம்.

அமெரிக்கப் பெட்டிகளில் '3 டிராம் இணை' என்று பார்க்கலாம். 3 டிராம் கருமருந்து தரும் வேகத்தைத் தரும் என்பதே அதன் பொருள், உள்ளே அவ்வளவு மருந்து இருக்கிறது என்பதல்ல. 3 டிராம் ஏறத்தாழ 5.3 கிராம். புகையில்லா மருந்தை அந்த எடைக்கு நிரப்பினால் எந்தக் குழலும் சிதறும்.

ரவையின் உலோகத்தைக் கவனியுங்கள். ஈயம் மென்மையானது, சோக்கில் நசுங்கி நழுவிப் போகும். எஃகு ரவை நசுங்காது. சோக் இருக்கும் இடத்தில் குழலைப் புடைக்க வைக்கும். இந்த வகைப் பழைய துப்பாக்கியில் எஃகு ரவைக்கு இடமே இல்லை. பெட்டியில் 'ஹை பெர்ஃபார்மன்ஸ் ஸ்டீல்' என்று இருந்தால் அது லில்லிப்பூ முத்திரை குத்திய, எஃகுக்கென்றே சோதித்த புதுத் துப்பாக்கிகளுக்கானது. ஈயம் தடை செய்யப்பட்ட இடங்களில் பிஸ்மத் ரவை போடலாம்: ஈயத்தைவிட எடை சற்றுக் குறைவு, ஆனால் குழலைக் கெடுக்காது. அதிலும் 65 மி.மீ. விதி மாறாது.

இந்தியாவில் எல்.ஜி., எஸ்.ஜி. எனும் பெரிய ரவைத் தோட்டாக்களும் ஒற்றைக் குண்டுத் தோட்டாக்களும் வழக்கத்தில் உண்டு. பெரிய ரவை, இறுக்கமான சோக், மெலிந்த முனை மூன்றும் சேர்வது பழைய துப்பாக்கிக்குக் கேடு. அவற்றைத் தவிர்த்து 5, 6, 7 எண் ரவைகளோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அலமாரியில் கிடக்கும் தாத்தா காலத்துக் காகிதத் தோட்டாக்களையும் சுட வேண்டாம். ஈரத்தில் காகிதம் உப்பி, சேம்பரில் மாட்டிக்கொள்ளும். மருந்து கெட்டிருந்தால் சில வெடிக்காது. சில பாதி வெடித்து, மருந்துக்கும் ரவைக்கும் நடுவே இருக்கும் அடைப்பைக் குழலுக்குள்ளேயே விட்டுவிடும்.

பிரிட்டன் அல்லாத துப்பாக்கிகள்

பெல்ஜியத்தின் லியேஜ் முத்திரை நீள்வட்டத்துக்குள் இ.எல்.ஜி. என்ற எழுத்துகள்; புகையில்லா மருந்துக்குச் சோதித்திருந்தால் சிங்கமும் பி.வி.யும் இருக்கும். பர்மிங்காமின் பி.வி.யோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், ஆங்கில எழுத்து வேறு. ஜெர்மனியில் கிரீடத்தின் கீழ் என். பிரான்சின் செயின்ட் எட்டியேனில் பி.டி. பழைய அமெரிக்கத் துப்பாக்கிகளுக்கு அரசுப் புரூஃப் கிடையாது. அங்கே 12 போர் சேம்பர் 2⅝ அங்குலமாகவும், 16 போர் 2 9/16 அங்குலமாகவும் இருப்பது சாதாரணம். முத்திரை இல்லாததால் அளவு மட்டும்தான் துணை.

சுடும் நாளில்

12 போர் துப்பாக்கி இருக்கும் இடத்தில் 20 போர் தோட்டா ஒன்றுகூட இருக்கக் கூடாது. 20 போர் தோட்டா 12 போர் சேம்பரைத் தாண்டி வழுக்கிப்போய்க் குழலில் சிக்கி நிற்கும். சேம்பர் காலியாகத் தெரியும். வெடிக்கவில்லையே என்று அதன் பின்னால் 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் கையிலேயே வெடிக்கும். 20 போர் கூடுகளை மஞ்சள் நிறத்தில் செய்வது இதற்காகத்தான். பையிலும் சட்டைப் பையிலும் தேடிப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

வெடிச் சத்தம் மந்தமாகக் கேட்டால் நிறுத்துங்கள். துப்பாக்கியைப் பாதுகாப்பான பக்கம் காட்டி அரை நிமிடம் பொறுத்து, திறந்து, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டா போடக் கூடாது. தோட்டாப் பெட்டியை வெயிலில் நிற்கும் காரில் வைக்காதீர்கள். சூடேறிய மருந்து அதிக அழுத்தம் தரும். நம் ஊர் சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமல்ல.

சுட்ட கூட்டின் வாயைக் கவனியுங்கள். விளிம்பு பிசிறியோ மெலிந்து இழுபட்டோ இருந்தால் கூடு சேம்பரைவிட நீளம். துப்பாக்கி திறக்க மறுத்தாலும் அன்றைக்கு அதோடு சரி. இந்த அறிகுறிகள் இல்லாதது மட்டுமே பத்திரம் என்பதற்கு ஆதாரமாகாது. துப்பாக்கியை டயரில் கட்டி, கயிற்றால் விசையை இழுத்து 'சோதிப்பதும்' அப்படித்தான். முதல் வெடிப்பில் நீண்டு பலமிழந்த குழல், ஐந்தாவதில் பிளக்கலாம். சோதிக்க வேண்டுமென்றால் அது புரூஃப் ஹவுஸின் வேலை. பழைய குழல் தேறாவிட்டால், பின்முனையை மட்டும் வைத்துக்கொண்டு புதுக் குழாய்களைப் பொருத்தி மறுசோதனை செய்வது பிரிட்டனில் வழக்கம். அப்படிச் செய்தவற்றில் 'ஸ்லீவ்டு' என்று குத்தியிருக்கும்.

கருமருந்துத் தோட்டா சுட்டிருந்தால் அன்றே குழலைக் கழற்றிக் கொதிக்கும் நீர் ஊற்றிக் கழுவி, உலர்த்தி, எண்ணெய் பூசுங்கள். அந்தக் கரி ஈரத்தை உறிஞ்சும். ஓரிரு நாள் விட்டால் புதுத் துருக்குழிகள் விழுந்து, சுவர்க் கனத்தை மறுபடி அளக்க வேண்டியிருக்கும்.

இந்தியாவில் 1959 ஆயுதச் சட்டப்படி உரிமத்தில் குறித்த அளவுக்குத்தான், உரிமம் பெற்ற கடையில்தான் தோட்டா வாங்க முடியும். உரிமமின்றி வீட்டில் தோட்டா நிரப்புவது குற்றம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. கடையில் கேட்கும்போது '12 போர்' என்று மட்டும் சொல்லாமல் '12 போர், 65 மி.மீ.' என்று கேளுங்கள். பெட்டியை வாங்கியதும் பிரிக்காமல் அங்கேயே நீளத்தைப் படித்துவிடுங்கள். 70 மி.மீ. மட்டும்தான் இருக்கிறது என்றால் வெறுங்கையோடு திரும்புங்கள்.